10 அடி சுவரு, ஒரே ஒரு இன்ஜின்: சண்டிங் லேஅவுட் பண்ணப்போற தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். கும்பகோணத்துல வீடு, மாடி ரூம்ல ஒரு சுவரு மட்டும்தான் காலி, நீளம் 10 அடி, ஒன்றரை அடிக்கு மேல பலகை நீட்டினா வீட்டுல சண்டை. எச்.ஓ. (நிஜத்துல 87-ல ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் ஸ்டார்ட்டர் செட் ஒண்ணு வாங்கி தரையில வட்டமா ஓட்டி ரெண்டே வாரத்துல சலிச்சுப்போச்சு. அமெரிக்க ஊர்கள்ல தெரு ஓரமா ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் வேகன் தள்ளிட்டுப் போற லைன் மாதிரி ஒரு லேஅவுட், அதாவது பலகை மேல தண்டவாளமும் ஊருமா கட்டி, பண்ணுன்னு யாரோ சொல்லியிருக்காங்க, உங்களுக்கு நம்ம ஊர் நெல் குடோனை வச்சே பண்ணணும்னு ஆசை, எது சரின்னு கேக்கறீங்க.

ரெண்டும் பண்ணலாம். ஆனா எந்தக் காலத்து நெல் குடோன்னு முதல்ல முடிவு பண்ணணும், அதை விட்டுட்டு பலகை வாங்கப் போயிடாதீங்க.

நான் மன்னார்குடிக்காரன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல என் ஆயுசுல போன நேரத்தைக் கணக்கு போட்டா ஒரு டிகிரி முடிச்சிருக்கலாம். பஸ்ல இருக்கிறவங்க எல்லாம் கேட்டைத் திட்டுவாங்க, நான் மட்டும் இறங்கிப்போய் கம்பி ஓரமா நின்னு வேடிக்கை பார்ப்பேன், ஏன்னா அங்க நெல்லு ஏத்த வந்த சரக்கு ரேக்கை (முழு வேகன் வரிசையை) வெட்டி முன்ன தள்ளி பின்ன இழுத்து மறுபடி கோத்துக்கிட்டு இருப்பாங்க. அதுதான் சண்டிங். பாக்க அழகா இருக்கும். ஆனா அதை அப்படியே மாடல்ல பண்ணினா பத்து நிமிஷத்துல போரடிச்சுடும், நான் பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். 40 வேகன்லயும் நெல்லு, 40 வேகனும் ஒரே ஊருக்கு. எது முன்னாடி நின்னா என்ன, எது பின்னாடி நின்னா என்ன? இன்ஜினுக்கு யோசிக்க வேண்டிய வேலையே கிடையாது. இடமும் பத்தாது, ஒரு பிசிஎன் மூடு வேகன் நிஜத்துல சுமார் 14.5 மீட்டர், எச்.ஓ. 87-ல ஒரு பங்கு, அப்ப ஒரு வேகன் 16.6 செ.மீ., 40 வேகனுக்கு 22 அடி, உங்க சுவரு 10 அடி.

சண்டிங்ல சுவாரசியம் எங்கேர்ந்து வருதுன்னா ஒவ்வொரு வேகனுக்கும் தனி விலாசம் இருக்கிறதாலதான். நம்ம முறைப்பாசனத்தை நினைச்சுக்கோங்க. வாய்க்கால் ஒண்ணுதான், தண்ணி வர்ற நேரமும் கொஞ்சம்தான், ஆனா மடை மடையா திறந்து இன்ன வயலுக்கு இன்ன நேரம்னு பாயணும், நடு வயக்காரன் இன்னும் உழவே இல்லைன்னா அவனைத் தாண்டி எப்படிக் கொண்டுபோறதுன்னு யோசிக்கணும். ஒரே ஒரு வயலுக்கு ஒரே வாய்க்கால்னா நீராணிக்கம் பாக்கிறவரு வரப்புல படுத்துத் தூங்கிடலாம்.

எங்க அப்பா மாயவரத்துல பாயிண்ட்ஸ்மேனா (தண்டவாளம் ரெண்டா பிரியற பாயிண்ட்டை மாத்தி விடற வேலை) இருந்தாரு, மீட்டர் கேஜ் காலம். அப்ப ஒவ்வொரு வேகன் பக்கவாட்டுலயும் ஒரு லேபில் இருக்கும், எங்கேர்ந்து எங்கே, உள்ள என்னன்னு. ஒரு குட்ஸ் வண்டியில உரம் ரெண்டு வேகன், சிமெண்ட் ஒண்ணு, வேதாரண்யம் பக்கத்து உப்பு மூணு, அரிசி ஒண்ணுன்னு கலந்து வரும், ஸ்டேஷன் ஸ்டேஷனா கழட்டி விட்டுட்டுப் போவாங்க. 1980-கள்லேர்ந்து ரயில்வே இந்த சில்லறை வேகன் வியாபாரத்தைக் குறைச்சுக்கிட்டு முழு ரேக்கா ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குன்னு மாறிடுச்சு, வேகனை ஊர்வாரியா பிரிச்சுக் கோக்கிற மார்ஷலிங் யார்டுங்க எல்லாம் ஒண்ணொண்ணா மூடிட்டாங்க. ரயில்வேக்கு அது லாபம்தான், குறை சொல்லல. ஆனா லேஅவுட்டுக்கு நெல் குடோன் வேணும்னா அதுக்கு முந்தின காலத்துக்குப் போங்க. அது நம்ம டெல்டாவுல மீட்டர் கேஜ்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. எச்.ஓ. தண்டவாளத்துல ரெண்டு கம்பிக்கு நடுவுல 16.5 மி.மீ., அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உண்டான அளவு. நம்ம மீட்டர் கேஜ் 1000 மி.மீ., அதை 87-ஆல வகுத்தா 11.5, அதாவது 12 மி.மீ. தண்டவாளம் போடணும், அதுக்கு வண்டி எல்லாம் நீங்களேதான் கட்டணும், ஒய்டிஎம்-4 (மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின்) வேணும்னா 12 மி.மீ. மெக்கானிசம் தேடி மேல பாடியை ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டுல வெட்டி ஒட்டணும், இல்ல 3டி பிரிண்ட் அடிக்கணும். நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ., அதுக்கு 19.3 வரணும், அதை 16.5 மேலயே ஓட்டிட்டு கண்டுக்காம இருக்கிறவங்கதான் நம்ம நாட்டுல அதிகம், அது தப்பில்ல, ஆனா விஷயம் தெரிஞ்ச கண்ணுக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கும். (நாகப்பட்டினம் திருச்சி லைனை 1861, 62-ல முதல்ல பிராட் கேஜாத்தான் போட்டாங்க, அப்புறம் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினாங்க, நம்ம காலத்துல அதையும் பிடுங்கி மறுபடி பிராட் கேஜ். தண்டவாளம் மாத்துறதுல நம்ம ஊருக்கு நல்ல அனுபவம்.)

அதனால என் யோசனை: முதல் லேஅவுட் அமெரிக்க ஊர் ஃபேக்டரி லைனாவே இருக்கட்டும். வண்டி ரெடிமேடா கிடைக்கும், கப்ளர் (வேகனைக் கோக்கிற கொக்கி) ஒழுங்கா வேலை செய்யும், கையில இருக்கிற தண்டவாளமும் வீணாகாது. கை பழகினப்புறம் மீட்டர் கேஜ் மாயவரத்தைக் கட்டுங்க, சண்டிங் புத்தி ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அமெரிக்கக்காரன் இதை ஸ்விட்சிங்ம்பான், நம்ம ரயில்வேல சண்டிங். இந்த மாதிரி லைனுங்களோட கதையே தனி ருசி. நியூயார்க்ல மன்ஹாட்டன் மேற்குப் பக்கம் சரக்கு ரயில் 10-வது அவென்யூன்னு ஒரு தெரு நடுவுலயே ஓடிச்சு, ஆளுங்க அடிபட்டு அடிபட்டு அந்தத் தெருவுக்கு சாவுத் தெருன்னே பேரு வந்துடுச்சு, அதனால இன்ஜினுக்கு முன்னாடி ஒருத்தன் குதிரை மேல உக்காந்து கொடி ஆட்டிக்கிட்டே போகணும்னு வச்சிருந்தாங்க, அந்தக் குதிரைக்காரங்க 1941 வரைக்கும் இருந்தாங்க. 1934-ல தண்டவாளத்தை மேல தூக்கிக் கட்டினாங்க, பிஸ்கட் கம்பெனி கட்டடத்துக்குள்ள மாடி உயரத்துலயே வேகன் நேரா நுழையும். 1980-ல கடைசி வண்டி போச்சு, மூணு வேகன், உள்ள ஐஸ்ல வச்ச வான்கோழி. 2009-லேர்ந்து அது ஹை லைன்னு ஒரு பூங்கா.

உங்க 10 அடிக்கு நான் சொல்றது அது இல்ல, ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கிற புரூக்ளின். அங்க புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினல்னு ஒரு குட்டி ரயில்வே, 1983-ல மூடினாங்க, நீராவி இன்ஜினையே 1963 வரைக்கும் ஓட்டினாங்க. அதோட விசேஷம் என்னன்னா வேற எந்த லைனோடயும் தண்டவாளத்துல சேராது. வேகன் எல்லாம் கார் ஃபுளோட்ங்கிற தட்டைப் படகு மேல தண்டவாளம் போட்டு, அதுல ஏத்தி துறைமுகத்தைத் தாண்டி வரும். படகை கரையில கட்டி, பாலத்தை இறக்கி, இன்ஜின் வந்து வேகனை இழுத்துக்கிட்டுப் போய் சர்க்கரை ஆலைக்கும் குடோனுக்கும் பிரிச்சுக் குடுக்கும். மாடல் பண்றவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு யோசிச்சுப் பாருங்க! வெளி உலகத்துலேர்ந்து ரயில் எப்படி வருதுங்கிற கேள்விக்கு சுரங்கம், மலை எல்லாம் வேண்டாம், லேஅவுட் ஓரத்துல ஒரு பலகை, அதுதான் படகு. வேலை முடிஞ்சதும் பலகையைக் கழட்டி, வேகனை மாத்தி வச்சு மறுபடி சொருகிட்டா அடுத்த படகு வந்தாச்சு.

இன்னொரு வசதி, அந்த லைன்ல எல்லாம் இடம் நெருக்கடி, வளைவு கொடூரமா இருக்கும், அதனால சின்ன இன்ஜின், 40 அடி வேகன். நாம 10 அடிக்குள்ள மடக்கினாலும் பொய் சொன்ன மாதிரி தெரியாது. இன்ஜினுக்கு ஜி.இ. 44 டன் டீசல் வாங்கலாம், மாடல்ல 12 செ.மீ. கூட வராது. அது ஏன் கரெக்டா 44 டன்னுன்னா, 1937-ல யூனியனோட போட்ட ஒப்பந்தப்படி சக்கரத்து மேல 90,000 பவுண்டு எடையோ அதுக்கு மேலயோ இருக்கிற இன்ஜின்ல டிரைவரோட ஃபயர்மேனும் இருந்தாகணும், 44 டன்னுன்னா 88,000 பவுண்டு, ஒரு ஆள் சம்பளம் மிச்சம். சட்டத்துக்கு ரெண்டு இஞ்ச் கீழ குனிஞ்சு போறது எல்லா ஊர்லயும் உண்டு.

சரி, தண்டவாளம். இதுல ரெண்டு புகழ்பெற்ற பிளான் உங்க கண்ல பட்டிருக்கும். ஒண்ணு இங்கிலாந்துல ஆலன் ரைட் போட்ட இங்கிள்நூக். மூணு சைடிங் (வேகன் நிறுத்துற பக்க லைன்), ஒண்ணுல 5 வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மும்மூணு, முன்னாடி தலைப்பக்கம் இன்ஜினும் 3 வேகனும் நிக்கிற அளவுக்கு ஒரு டெட் எண்ட், அதாவது முட்டி நிக்கிற தண்டவாளம். மொத்தம் 8 வேகன், அதுல 5 வேகனை சீட்டு எடுத்து, அந்த வரிசையிலயே வண்டி கோக்கணும். ரெண்டே பாயிண்ட், ஆனா 6,720 விதமான வரிசை வரும், ஆயுசுக்கும் பத்தும். இன்னொண்ணு அமெரிக்காவுல ஜான் ஆலன் 1972-ல வெளியிட்ட டைம்சேவர், அஞ்சு பாயிண்ட்டை நெருக்கி வச்சு, யாரு சீக்கிரம் முடிக்கிறாங்கன்னு போட்டி. டைம்சேவரை லேஅவுட்டா கட்டாதீங்க. அது புதிர் பலகை, விருந்தாளி வந்தா விளையாட நல்லாருக்கும், ஆனா எந்த ரயில்வேக்காரனும் தனக்குத்தானே அப்படி ஒரு கஷ்டத்தைக் கட்டி வச்சுக்க மாட்டான், எங்க அப்பா அதைப் பாத்துட்டு "இதைப் போட்டவனை அந்த யார்டுலயே டூட்டி போடணும்"னாரு.

இங்கிள்நூக்கை முதுகெலும்பா வச்சுக்கோங்க. கணக்கு பாருங்க: 40 அடி பாக்ஸ்கார் கப்ளரோட சேத்து சுமார் 15.5 செ.மீ., 5 வேகனுக்கு 78, டெட் எண்டுல இன்ஜின் 12-ம் மூணு வேகன் 47-ம் சேந்து 59, கொஞ்சம் மூச்சு விட இடம் வச்சு 65. பாயிண்ட் ஒவ்வொண்ணும் 18-லேர்ந்து 22 செ.மீ. தின்னும், இதைத்தான் எல்லாரும் வரையும்போது மறந்துடறாங்க, பென்சில்ல கோடு போட்டா பாயிண்ட்டுக்கு நீளமே இல்லாத மாதிரி தோணும். எல்லாம் கூட்டினா ஆறு அடி சொச்சம். உங்ககிட்ட இன்னும் மூணரை அடி மிச்சம். அதுல புது சைடிங் போடணும்னு கை துறுதுறுங்கும், போடாதீங்க. அங்க படகுப் பலகையும், அதுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஒரு வெறும் தெருவும் வரட்டும். ரயில் ஒரு இடத்துலேர்ந்து கிளம்பி இன்னொரு இடத்துக்குப் போன மாதிரி ஒரு உணர்வு வரணும்னா நடுவுல ஒண்ணுமே இல்லாத ஒரு ரெண்டு அடி வேணும்.

எல்லா சைடிங்கும் ஒரே பக்கம் பாத்து இருந்தா இன்ஜின் பின்னாடியிருந்தே தள்ளி விட்டுடலாம், அதுதான் ட்ரெய்லிங் பாயிண்ட். ஒண்ணு மட்டும் எதிர்ப் பக்கம் திரும்பியிருந்தா இன்ஜின் சுத்திப்போய் அடுத்த பக்கம் மாட்டணும், அதுக்கு ஒரு லூப் வேணும், லூப்புக்கு இன்னும் ரெண்டு பாயிண்ட், 40 செ.மீ. போச்சு. முதல் லேஅவுட்டுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்.

சைடிங் கம்மியா இருந்தா வேலை கம்மியாயிடுமேன்னு நினைக்கிறீங்களா, இல்ல. ஒரு சைடிங்னா ஒரு விலாசம்னு கணக்கு இல்ல, ஒரு கதவுன்னா ஒரு விலாசம். மிட்டாய் ஃபேக்டரி ஒண்ணு வைங்க, மூணு வேகன் நீளம். முதல் கதவுல அட்டைப்பெட்டி இறங்கும், ரெண்டாவது கதவுல சர்க்கரை மூட்டை, மூணாவது இடத்துல கதவே கிடையாது, ஒரு குழாய், டேங்க் வேகன் வந்து நின்னு கார்ன் சிரப் இறக்கும். இப்ப மூணாவது இடத்துல இருக்கிற டேங்க் காலி, அதை எடுக்கணும். ஆனா முன்னாடி இருக்கிற அட்டைப்பெட்டி வேகன்ல பாதிதான் இறக்கியிருக்காங்க. மூணையும் வெளிய இழுத்து, டேங்கைக் கழட்டி அடுத்த லைன்ல விட்டு, புது டேங்கை கடைசியில வச்சு, மத்த ரெண்டையும் எந்தக் கதவுலேர்ந்து எடுத்தீங்களோ அதே கதவுக்கு நேரா திரும்பக் கொண்டுவந்து நிறுத்தணும், அரை இஞ்ச் தள்ளி நின்னா லோடுமேன் பலகை போட முடியாது. ஒரே சைடிங்லதான் இவ்வளவும்.

இனிமே நம்ம ஊர் சமாச்சாரம், இதுதான் வெளிநாட்டுக்காரங்க எழுதுறதுல கிடைக்காது. பலகை. நான் முதல்ல வாங்கினது கடைக்காரர் "நல்ல அயிட்டம் சார்"னு குடுத்த சாதா பிளை, ஒரு ஐப்பசி அடைமழையிலயே அப்பளம் மாதிரி வளைஞ்சுடுச்சு. எம்டிஎஃப் பக்கமே போகாதீங்க, ஈரம் பட்டா இட்லி மாதிரி உப்பும். 12 மி.மீ. மரைன் பிளை, ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, அடிப்பக்கமும் ஓரமும் சேத்து வார்னிஷ் ரெண்டு கோட், ஓரம்தான் முக்கியம், தண்ணி அங்கேர்ந்துதான் ஏறும். 3 அடி 4 அங்குலமா மூணு துண்டா வெட்டி போல்ட் போட்டு மாட்டுங்க. ஏன் மூணுன்னா, 2018 நவம்பர்ல கஜா அடிச்ச ராத்திரி எங்க மாடி ஷீட்டு பறந்துடுச்சு, ஒரே நீளமா இருந்த என் பழைய லேஅவுட்டை தூக்கி கீழ கொண்டுவர முடியாம அப்படியே நனைய விட்டோம், அப்புறம் கரண்டே பல நாள் இல்ல, மின்விசிறி கூடப் போட்டுக் காய வைக்க முடியல. இப்ப இருக்கிறதை ரெண்டு பேரு ஆளுக்கொரு கையில தூக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல கீழ வந்துடலாம். உயரம் நெஞ்சளவு, தரையிலேர்ந்து நாலடி, அப்பதான் தெருவுல நின்னு பாக்கிற மாதிரி இருக்கும், மேலேர்ந்து பாத்தா பொம்மையாத்தான் தெரியும்.

தண்டவாளம் ஒட்டும்போது சித்திரை வெயில்ல ஒட்டினா நெருக்கமா ஒட்டலாம், மார்கழியில ஒட்டினா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விடுங்க. மாடி ரூம், மேல ஷீட்டு வேற இருந்தா கட்டாயம் விடணும், இல்லன்னா மே மாசம் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிஞ்சு எழும்பும்.

தெரு நடுவுல தண்டவாளம் பதிக்கிறதுதான் இந்த வகை லேஅவுட்டுக்கு முகம். வால் புட்டி போதும். தண்டவாளத்துக்கு வெளிப்பக்கம் ரயில் தலை மட்டத்துக்கு நிரப்புங்க, உள்பக்கம் ஒரு நூல் கீழ இருக்கட்டும், இல்லன்னா தண்டவாளம் துடைக்கிறப்ப புட்டியும் சேந்து தேஞ்சு தூளு எல்லாம் சக்கரத்துல ஏறும். ரயிலை ஒட்டி உள்பக்கமா சக்கர விளிம்பு போக 1.3 மி.மீ. பள்ளம் விடணும், புட்டி அரைகுறையா காயும்போதே ஒரு பழைய வேகனை அழுத்தி அழுத்தி ஓட்டினா பள்ளம் தானே விழும், காஞ்சப்புறம் சுரண்டினா அன்னிக்கு முழுக்க அதுதான் வேலை. பாயிண்ட்டோட அசையுற நாக்குப் பக்கம் புட்டியைக் கொண்டுபோகாதீங்க, அங்க மட்டும் மெல்லிசா ஸ்டைரீன் வெட்டி வச்சு பெயிண்ட் அடிச்சுடுங்க.

தெரு இல்லாத இடத்துல மண்ணு. நம்ம ஆத்து மணலை சலிச்சுப் போடலாம், வண்டல் இன்னும் நல்லாருக்கும், ஆனா முதல்ல வாணலியில வறுத்து ஈரத்தையும் பூச்சியையும் போக்கிட்டு, காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மணலுக்குள்ள நல்லா துழாவுங்க. கருப்பு கருப்பா ஒட்டிக்கிட்டு வரும், அந்த இரும்பு மணல் ஒரு சிட்டிகை இன்ஜின் மோட்டார்க்குள்ள போனா மோட்டார் காலி. ஃபெவிகால்ல பாதி தண்ணி கலந்து ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு சொட்டு சொட்டா ஊத்தினா கெட்டியா பிடிச்சுக்கும். குப்பைக்கு, புல்லுக்கு தேங்காய் நாரு, காஞ்ச டீத்தூளு. உமி மட்டும் போடாதீங்க, நெல்லுக் குடோன்னா உமி இருக்கணுமேன்னு ஆசையா போட்டேன், வண்டு வந்துச்சு, வண்டைத் தேடி பல்லி வந்துச்சு, எலி வந்து வயரையும் கடிச்சுட்டுப் போச்சு.

கட்டடம் எல்லாம் முழுசா வேண்டாம், பின்சுவத்துல ஒட்டினாப்ல ஒரு இஞ்ச் ஆழத்துக்கு முகப்பு மட்டும். நாலு மாடி ஃபேக்டரின்னா 15 மீட்டர், மாடல்ல 17 செ.மீ. ஃபோம் போர்டுல வெட்டிக்கிட்டு செங்கல் படத்தை கல்யாண பேனர் அடிக்கிற கடையிலயே பிரிண்ட் போடலாம், ஆனா ஃப்ளெக்ஸ்ல போடாதீங்க பளபளன்னு இருக்கும், மேட் ஸ்டிக்கர்னு கேளுங்க. மாதிரிக்கு அமெரிக்க செங்கல் படம் தேட வேண்டாம், நம்ம ஊர் பழைய ரைஸ்மில் சுவத்தை நேரா நின்னு ஃபோட்டோ எடுங்க, கரி படிஞ்ச செங்கல் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், நானே திருவாரூர் ரோட்டு மில்லு ஒண்ணை புரூக்ளின்ல நிறுத்தி வச்சிருக்கேன், இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல.

கரண்டு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். குட்டி இன்ஜின், மெதுவா போறப்ப பாயிண்ட் நடுவுல தண்டவாளம் ஒண்ணையொண்ணு வெட்டுற பிளாஸ்டிக் ஃப்ராக் மேல வந்தா கரண்டு போய் நின்னுடும், ஒவ்வொரு தடவையும் விரலால தள்ளிக்கிட்டு இருந்தா அது சண்டிங் இல்ல. அதனால மெட்டல் ஃப்ராக் இருக்கிற பாயிண்ட் வாங்குங்க, பெக்கோ கம்பெனியில எலக்ட்ரோஃப்ராக் இல்லன்னா யூனிஃப்ராக், அந்த ஃப்ராக்குக்கு ஒரு ஸ்லைடு சுவிட்ச் வழியா கரண்டு மாத்திக் குடுங்க. மோட்டார் எல்லாம் வேண்டாம், சைக்கிள் ஸ்போக்ஸை பலகை ஓரம் வரைக்கும் நீட்டி, அதே ஸ்போக்ஸ் சுவிட்சையும் தள்ளுற மாதிரி கோத்துட்டா கையால இழுக்கும்போது பாயிண்ட்டும் மாறும், கரண்டும் மாறும். ஒவ்வொரு துண்டு தண்டவாளத்துக்கும் தனியா வயர் சால்டர் பண்ணுங்க, ஜாயிண்ட்டை நம்பாதீங்க, நம்ம காத்துல இருக்கிற ஈரத்துக்கு ஒரே வருஷத்துல பச்சை பூத்துடும்.

டிசிசி (தண்டவாளம் வழியாவே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்புறது) கட்டாயமான்னா, ஒரே இன்ஜின்தானே, சாதா டிசியே ஓடும். ஆனா மெதுவா போறதுக்கும் சத்தத்துக்கும் டிசிசி வேற லெவல். இன்ஜினுக்குள்ள இருக்கிற டீகோடர் சிப்புல சிவின்னு நம்பர் போட்ட செட்டிங் இருக்கும், சிவி 3 வேகம் எடுக்கிறதுக்கு, சிவி 4 நிறுத்துறதுக்கு, ரெண்டையும் ஏத்தி வச்சா த்ராட்டிலை மூடினாலும் இன்ஜின் பாரம் இழுத்துக்கிட்டு தானா போய் நிக்கும், முன்கூட்டியே கணிச்சு மூடணும், அப்பதான் நீங்க டிரைவர். சிவி 5-ஐக் குறைச்சு உச்ச வேகத்தைக் கட்டிப் போடுங்க. நிஜத்துல 10 கி.மீ. வேகம்னா லேஅவுட்ல ஒரு செகண்டுக்கு 3.2 செ.மீ.தான், உங்க 10 அடியைத் தாண்ட ஒன்றரை நிமிஷம் ஆகணும். கீப் அலைவ் கெப்பாசிட்டர் உள்ள இடம் இருந்தா போடுங்க, தண்டவாளம் கொஞ்சம் அழுக்கா இருந்தாலும் தாண்டிடும்.

வேகன் எடை யாரும் கவனிக்கிறதில்ல. லேசா இருந்தா தள்ளும்போது தடம் புரளும். அமெரிக்க மாடல் சங்கத்துக் கணக்கு, ஒரு அவுன்ஸ், அதுக்கு மேல ஒவ்வொரு இஞ்ச் நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 6 இஞ்ச் வேகன்னா 4 அவுன்ஸ், நம்ம கணக்குல 113 கிராம். நாகப்பட்டினத்துல வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு வாங்கி உள்ள ஒட்டினேன், கச்சிதமா வந்துச்சு, ஈயத்தைத் தொட்டுட்டு கை கழுவாம சாப்பிடாதீங்க. கப்ளர் எல்லாத்தையும் கேடி கம்பெனி மெட்டல் கப்ளரா மாத்திடுங்க, கழட்டுறதுக்கு காந்தம் வேண்டாம், மூங்கில் குச்சியை சீவி கப்ளர் நடுவுல விட்டு ஒரு திருகு.

இனி ஓட்டுறது. ஒரு சின்ன சீட்டுல எழுதுங்க: படகுலேர்ந்து இன்னிக்கு நாலு வேகன், இன்னது இன்ன கதவுக்கு, அங்கேர்ந்து எது எது திரும்பணும். அப்புறம் அவசரப்படாம நிஜ ஆளுங்க என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணுங்க. தெருவைக் கடக்கிறதுக்கு முன்னாடி நில்லுங்க, ஒருத்தன் இறங்கி கொடி காட்ட நேரம் குடுங்க. வேகனைக் கோத்ததும் பிரேக் பைப்பு மாட்டுற நேரம், கழட்டி விட்டா ஹேண்ட் பிரேக் சுத்துற நேரம், மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. எங்க அப்பா என் லேஅவுட்டுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து, நான் எண்ணாம கிளப்பினா "கீழ ஆளு நிக்கிறான்டா"ன்னு ஒரு அதட்டு அதட்டுவாரு, ரெண்டு வேகனுக்கு நடுவுல குனிஞ்சு நின்னு கப்ளிங் மாட்டின ஆளு அவரு, பொம்மையா இருந்தாலும் அவருக்கு மனசு ஒப்பாது. அப்படி ஓட்டினா நாலு வேகனுக்கு முக்கால் மணி நேரம் போகும், முடிச்சுட்டு டீ குடிக்கலாம்.

இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்க. பாயிண்ட்டோட டெம்ப்ளேட்டை பெக்கோவே இலவசமா குடுக்கிறான், நிஜ அளவுல பிரிண்ட் எடுத்து 10 அடி பேப்பர்ல ஒட்டி, கோடு போட்டு தண்டவாளம் வரைங்க. அட்டைப்பெட்டியை 15.5 செ.மீ. நீளமா வெட்டி எட்டு வேகன், ஒவ்வொண்ணு மேலயும் விலாசம் எழுதி, தரையில விரிச்சு தள்ளிப் பாருங்க. ஒரு வாரம் தள்ளுங்க. எங்க இடிக்குது, எது சும்மா நிக்குதுன்னு அதுலயே தெரிஞ்சுடும். அப்புறம் அந்தப் பேப்பரை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கிறேன். இல்ல நேர்லயே வர்றேன், கும்பகோணம் என்ன தூரமா, நீடாமங்கலம் கேட்டு மட்டும் திறந்திருக்கணும்.